இறங்காத கோடு

என் கணவருக்குக் காலையில் கண் விழித்ததும் முதலில் வேண்டியது போன். மாத்திரை அப்புறம், தண்ணீர் அப்புறம், நான் அதற்கும் அப்புறம். ஹாலில் ஜன்னலோரம் போட்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைப்பக்கத்தை நான் கைப்பிடி சுற்றி உயர்த்துவதற்குள் அவர் கை நீண்டுவிடும். போனில் ஒரு கோடு தெரியும். மேடு பள்ளம் இல்லாமல், புதிதாகப் போட்ட தார் ரோடு மாதிரி ஒரே மட்டமாகப் போகும். அதைப் பார்த்த பிறகுதான் மனிதர் சிரிப்பார்.

“எப்படி இருக்கா என் சக்களத்தி?” என்று கேட்பேன்.

“உன்னை விட இளமையா இருக்கா,” என்பார்.

வலிக்கு ஊசி போட வரும் நர்ஸ் இதைக் கேட்டு ஒருநாள், “எங்க வேலையில கோடு நேராயிட்டா எல்லாரும் அழுவாங்க. உங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான் சிரிக்கிறார்,” என்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்ததில் விலா வலித்து, ஊசியைக் கொஞ்சம் முன்னதாகவே போட வேண்டியதாயிற்று.

சக்களத்தி என்று நான் சொன்னது ஒரு தண்ணீரை. பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் போல அடர்ந்த சிவப்பு. டயர் கடைக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த ஷெட்டில் அவரும் அவர் தங்கையும் பல வருஷம் கட்டிக்கொண்டு அழுத தண்ணீர் அது. எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். இரண்டு தொட்டி. ஒன்றில் சிவப்பு, மற்றதில் மஞ்சள். இரண்டையும் பம்ப் ஓட்டி, நடுவில் தகடுகளை அடுக்கி இறுக்கிய ஒரு பெட்டிக்குள் கொண்டுவரும். அங்கே ஒரு மெல்லிய படலத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, கலக்காமல் போகும். பகலில் வெயிலில் வரும் கரண்டை உள்ளே விட்டால் தண்ணீர் வாங்கி வைத்துக்கொள்ளும். இருட்டியதும் திருப்பிக் கொடுக்கும். அதிக நேரம் வேண்டுமா, தொட்டியைப் பெரிதாக வைத்தால் போதும். ராத்திரி முழுக்க வரும், மறுநாள் மேகமாக இருந்தால் மறுநாளும் வரும்.

மற்றவர்கள் இதற்கு விலை உயர்ந்த ஒரு உலோகத்தைக் கரைக்கிறார்களாம். இவர் துணிக்குச் சாயம் போடும் பொடியின் ஒன்றுவிட்ட தம்பியான ஒரு பொருளைக் கரைத்தார். தானே சமைத்துத் தானே வடிகட்டி எடுத்த பொடி. “இது மட்டும் நின்னுடுச்சுன்னா எந்த ஊர்லயும் செய்யலாம், சுரங்கமே வேணாம்,” என்று சொல்லிச் சொல்லி என் காது புளித்துவிட்டது. நிற்பதென்றால், நாளானாலும் சக்தி குறையாமல் இருப்பது. போனில் தெரிந்த கோடு அதைத்தான் காட்டியது. ஷெட்டில் ஓடிக்கொண்டிருந்த சின்ன செட் ஒவ்வொரு முறை நிறைந்து இறங்கும்போதும் எவ்வளவு கொடுத்தது என்ற கணக்கு. கோடு இறங்காவிட்டால் அவர் ஜெயித்துவிட்டார் என்று அர்த்தம்.

நான் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறேன். ஸ்கூல் என்றால் ஒரே கார், ஒரே ஆள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, என் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்தே கெண்டைக்கால் இறுகிப்போனவள். வாய் நீளம் என்று பெயர் வாங்கியவள். முதல் நாள் அழாமல் வீட்டுக்குப் போன மாணவர்கள் குறைவு. வீட்டிலும் அதே வாய்தான். ஆனால் ஆஸ்பத்திரியில், “இனிமே வீட்டுல வச்சுப் பாத்துக்குங்க, ஒரு மாசம், ரெண்டு மாசம்,” என்று சொல்லி அனுப்பிய நாளிலிருந்து அவரிடம் நான் குரல் உயர்த்தவில்லை. அவரும் எதுவும் கேட்கவில்லை. நர்ஸிடம் மட்டும், “இழுத்துப் பிடிக்க வேணாம் சிஸ்டர், வலி இல்லாமப் பாத்துக்குங்க, போதும்,” என்றார். போகத் தயாராகிவிட்டவர் முகம் அது. அந்த நிம்மதி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அந்தக் கோட்டிலிருந்து வந்தது.

அவர் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எதையும் சொட்டுச் சொட்டாக அளந்து ஊற்றுகிறவள் என்பதால் அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் சொட்டு. எங்கள் எல்லாருக்கும் அவள் சொட்டுதான். பொடி சமைப்பது அவர் வேலை, சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்த ஷெட்டையே கட்டிக்கொண்டவள். அதிகம் பேசமாட்டாள். பேசினாலும் அண்ணனிடம் சண்டை போடத்தான் பேசுவாள். இரண்டு பேரும் ஒரு புள்ளிக்காகவும் கமாவுக்காகவும் அடித்துக்கொள்வதைக் கேட்டால் சொத்துத் தகராறு என்று தோன்றும். சாப்பிடக் கூப்பிட்டால் இரண்டும் ஒரே தட்டில் கை வைக்கும்.

அவர் வீட்டுக்கு வந்து சில வாரம் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் வகுப்பு ஒன்று ரத்தானது. பாங்கு அதிகாரி ஒருவர், நான் ரிவர்ஸ் எடுக்கச் சொல்லித் திட்டிய மறுநாளிலிருந்து காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சரி, சொட்டு சாப்பிட்டாளோ இல்லையோ என்று டப்பாவில் கட்டி எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே போனால், அவள் சின்ன செட்டின் சிவப்புத் தொட்டியிலிருந்து ஒரு குவளை மொண்டு சுவரோரம் இருந்த கேனில் ஊற்றினாள். அப்புறம் மூலையில் இருந்த பெரிய நீல டிரம்மின் குழாயைத் திறந்து அதே குவளை நிறையப் பிடித்து, தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். கண் கம்ப்யூட்டர் திரையில் இருந்தது. திரையில் அந்தக் கோடு.

எனக்குக் கெமிஸ்ட்ரி தெரியாது. ஆனால் திருட்டு முழி தெரியும். லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டிவிட்டு வந்து, ‘கத்துக்கணும் மேடம்’ என்று நிற்பவர்கள் முழியை எத்தனை பார்த்திருக்கிறேன். என்னைக் கண்டதும் அவள் குவளையைப் பின்னால் மறைத்தாள். சிவப்பு அவள் சட்டையில் வழிந்தது.

“என்ன பண்றே?”

“ஒண்ணும் இல்ல அண்ணி.”

“சொட்டு, எங்கிட்ட மழுப்பாத. என்ன பண்றே?”

அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள். மென்று விழுங்கி, கடைசியில் சொன்னாள். தண்ணீர் நிற்கவில்லை. நாளுக்கு நாள் செத்துக்கொண்டிருக்கிறது.

அவர்கள் செய்த தப்பை எனக்கு அன்றைக்குத்தான் விளக்கினாள். ஒரு பாட்டரி எத்தனை முறை நிறைந்து இறங்கினாலும் தாங்குகிறதா என்றுதான் உலகத்தில் எல்லோரும் பார்ப்பார்களாம். இவர்களும் அதைத்தான் பார்த்தார்கள். அவசரக்காரர்கள் இல்லையா, வருஷக்கணக்கில் ஆகக்கூடிய சுற்றுகளைச் சில வாரத்தில் ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள். கோடு அசையவில்லை. அண்ணனும் தங்கையும் டயர் கடைக்காரரைக் கட்டிப்பிடித்துக் கூத்தாடினார்கள். இவர் நோயில் விழுந்ததும் சொட்டு ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தாள். செட் நிறைந்தபடி அப்படியே நின்றது. திரும்பி வந்து ஓட்டிப் பார்த்தால் கணிசமாகக் குறைந்திருந்தது. ஒரு சுற்றுகூட ஓடாமல்!

“ஓடித் தேயல அண்ணி. சும்மா நின்னாலும் தேயுது. நாங்க ஓட்டினதையே எண்ணிட்டு இருந்தோம். நாள எண்ணவே இல்ல. மனுஷனுக்கு வயசாகற மாதிரி அதுக்கும் ஆகுது.”

“உங்க அண்ணனுக்குத் தெரியுமா?”

“ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு திறந்ததும் முதல்ல கேட்டது, கோடு எப்படி இருக்குன்னுதான். நான் நல்லா இருக்குன்னுட்டேன். வீட்டுக்கு வந்ததும் போன்ல காட்டுன்னு கேட்டான். என்ன பண்ணட்டும்? பழசக் கொஞ்சம் எடுத்துட்டுப் புதுசக் கொஞ்சம் ஊத்தினா கோடு நிக்குது. ரெண்டு மாசம்தானேன்னு…”

அறைந்திருப்பேன். கை பரபரத்தது. என் புருஷனை ஏமாற்ற இவள் யார்? ஆனால் காலையில் அவர் சிரித்தது கண் முன்னால் வந்து நின்றது. வாழ்நாள் முழுக்க ஓடியது வீணில்லை என்று நம்பிக்கொண்டு ஒரு மனிதர் படுத்திருக்கிறார். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் நான் எதைக் கொடுப்பேன்? சூப்பா? டப்பாவைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன்.

“சாப்டு. சாப்டுட்டு ஊத்து,” என்றேன்.

நீல டிரம்மில் இருந்தது அவர் கையால் சமைத்த பொடியின் கரைசல். நோய் வருவதற்கு முன் மாதக்கணக்கில் மெனக்கெட்டுச் சேர்த்தது. ஷெட்டின் மறு பக்கத்தில் ஆள் உயரத் தொட்டிகளோடு பெரிய செட் ஒன்று காலியாக நின்றது. அதற்கு ஊற்ற வைத்திருந்தது. சொட்டு தானே பொடி சமைத்துப் பார்த்திருக்கிறாள். தார் மாதிரி வந்தது. “அது அவன் கை அண்ணி. எனக்கு வரல,” என்றாள். ஆக, டிரம்மில் இருப்பது இருப்பதுதான்.

ஆஸ்பத்திரியில் சொன்ன இரண்டு மாதம் முடிந்தது. மழை வந்து நின்று வெயிலும் ஏறத் தொடங்கியது. அவர் இருந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார், ஆனால் தெளிவாக இருந்தார். என்னைக் கிண்டல் செய்தார். என் மாணவர்கள் செய்த கூத்துகளை நடித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டு, “நல்லாத்தானே இருக்கார்,” என்றார்கள். எனக்கு ஒவ்வொரு நாளும் லாட்டரி அடித்தது போல இருந்தது. ஆனால் டிரம்மில் சும்மா இருக்கும் தண்ணீருக்கும் மெதுவாக வயது ஏறிக்கொண்டிருந்தது. முதலில் ஒரு குவளை போதுமாயிருந்தது, இரண்டாயிற்று, அப்புறம் அரை வாளி. டிரம்மின் வெளியே சொட்டு பேனாவால் போட்ட கோடுகள் கீழே கீழே இறங்கிக்கொண்டே வந்தன.

ஒரு நாள் இருவரும் டிரம்மின் முன்னால் நின்றுகொண்டிருந்தோம். நான் டிரம்மைச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் ஆடியது. இது இன்னும் எத்தனை நாளைக்கு, அவர் இன்னும் எத்தனை நாளைக்கு என்று மனம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. பார்த்துவிட்டு, இது முந்திவிடக் கூடாதே என்று நினைத்தது. அப்படியென்றால் என்ன அர்த்தம் என்பது ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. என் புருஷன் சீக்கிரம் போகட்டும் என்று நான் நினைத்திருக்கிறேன்.

சொட்டைப் பார்த்தேன். அவள் முகத்திலும் அதே எழுதியிருந்தது.

“நீயும் நினைச்சியா?” என்றேன்.

“நினைச்சேன் அண்ணி.”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்தேன். பிறகு இருவரும் அந்த ஈரத் தரையில் உட்கார்ந்து, டயர் கடை மிஷின் சத்தம் இருந்ததால் வாய்விட்டே அழுதோம்.

அந்த வாரக் கடைசியில் அவருக்கு ஒரு நல்ல நாள் வாய்த்தது. தானே எழுந்து உட்கார்ந்தார். சவரம் செய்யச் சொன்னார். சொட்டு வந்ததும் அவளைக் கட்டிலில் உட்கார வைத்துக்கொண்டு, “ஒண்ணு கேட்டா செய்வியா?” என்றார்.

“என்னண்ணா?”

“பெரிய செட்ட இங்க கொண்டுவந்து வாசல்ல வை. டயர் கடை லாரிய வாங்கிக்க. டிரம்ல இருக்கறத எல்லாம் அதுல ஊத்து. பகல்ல மொட்டமாடி சோலார் தகட்டுல இருந்து ஏத்திட்டு, சாயங்காலம் வீட்டு மெயின ஆஃப் பண்ணிடு. விடியற வரைக்கும் இந்த வீடு அதுல ஓடணும். இந்த ஃபேன் அதுல சுத்தணும். நான் அதுக்குக் கீழ படுத்து ஒரு தூக்கம் தூங்கணும். அவ்வளவுதான்.”

சொட்டு என்னைப் பார்த்தாள்.

“ரிசர்வ்னு வச்சிருந்தோம், சரி. இத்தனை மாசமாக் கோடு ஒரு முடி அளவு இறங்கல. இனி எதுக்கு ரிசர்வ்? எனக்கு அப்புறம் அத வச்சுக் கும்பிடப் போறீங்களா?” என்று சிரித்தார்.

கோடு அத்தனை நேராக இருந்ததால்தான் அவருக்கு அந்தத் தைரியம் வந்தது. எதை நேராக வைக்க டிரம்மைக் காலி செய்தோமோ அதை நம்பி டிரம்மைக் கேட்கிறார். சொட்டு சமையலறைக்கு எழுந்து போனாள். பின்னாலேயே போனேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தொட்டியில கலர் தண்ணிய ஊத்திடலாம் அண்ணி. பம்ப் ஓடற சத்தம் கேக்கும். உள்ளே மெயின் கரண்டே போகட்டும். அவனுக்குத் தெரியாது.”

நான் ஒரு நிமிடம் யோசித்தேன். செய்திருக்கலாம். ஃபேன் சுற்றும், அவர் தூங்குவார். ஆனால் பொய்க் கரண்டில் சுற்றும் ஃபேனுக்குக் கீழே அவர் முகம் மலர்ந்து படுத்திருப்பதை நினைத்ததும் என்னால் முடியவில்லை. எதிரே லாரி வரும்போது என் கால் யாரையும் கேட்காது. அப்படித்தான் ஹாலுக்குப் போனேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டிரம் காலி, கோடு பொய், தண்ணீர் நிற்கவில்லை, சும்மா இருந்தாலே தேய்கிறது என்று சொன்னேன். சுற்றி வளைக்க எனக்கு வராது.

அவர் போனை எடுத்து அந்தக் கோட்டைப் பார்த்தார். அதை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அழுவார் என்று நினைத்தேன், திட்டுவார் என்று நினைத்தேன். சமையலறைப் பக்கம் திரும்பி, “சொட்டு, இங்க வா,” என்றார். பல வருஷமாக ஷெட்டில் கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டார்.

“நான் ஆஸ்பத்திரில இருந்தப்போ செட் ஃபுல்லா ஏத்தி நின்னுச்சா, இறக்கி நின்னுச்சா?”

“ஃபுல்லா.”

“டிரம்ல இருந்தது ஏத்தாமத்தானே இருந்துச்சு? அது எவ்வளவு குறைஞ்சுது?”

“கொஞ்சம்தான். இதுல பாதிகூட இல்ல.”

“அதானே! அப்போ தண்ணி மேல தப்பில்லடி. முட்ட முட்ட ஏத்தினதுதான் தப்பு. ரொம்ப ஏத்தினா அது ஒரு ஆக்சிஜனக் கழட்டி விட்டுடும். ஊனமாயிடும். சாகாது. எடுத்த பழசை என்ன பண்ணினே? சாக்கடையில ஊத்திட்டியா?”

“இல்ல. கேன்ல இருக்கு. எல்லாமே இருக்கு.”

அவர் கண்ணில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்து எத்தனை மாதம் ஆகியிருந்தது! “காத்து விடு,” என்றார். “மீன் தொட்டிக்கு வைக்கிற பம்ப் போதும். காத்து போனா அது திரும்ப ஒட்டிக்கணும். என் கணக்கு சரின்னா ஒட்டிக்கும். ஒரு கேன்ல விட்டுப் பாரு. இன்னொண்ணுல எவ்வளவு வரைக்கும் ஏத்தலாம்னு பாக்கணும். முக்காலா, அதுக்கும் கீழேயா… எனக்குப் பேப்பர் குடு.”

அண்ணனும் தங்கையும் மறுபடி அடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். அவள் முக்கால் என்றாள், அவர் அதற்கும் கீழே, உனக்கு மூளையே இல்லை என்றார். நான் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பாரம் இறங்கிவிட்டது, எல்லாம் நல்லதுக்குத்தான் என்றுகூட நினைத்தேன். அதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. பேனா கையிலிருந்து நழுவியது. தலையணையில் சாய்ந்து, கோபமே இல்லாமல் கேட்டார்.

“ஏன் முன்னாடியே சொல்லல?”

சொட்டு அழுதாள்.

“போன மாசம்கூட எனக்கு மூளை தெளிவா இருந்துச்சு. அதுக்கு முன்னாடி இன்னும் நல்லா இருந்துச்சு. செய்ய வேலை இருந்திருக்கு. நான் முடிஞ்சுதுன்னு நெனச்சு வேடிக்கை பாத்துட்டு இருந்தேன்.” நழுவிய பேனாவைத் தேடி எடுத்து, “பரவால்ல, ஆரம்பிங்க,” என்றார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நிம்மதி இல்லை. மறுநாள் நர்ஸ் ஊசியை எடுத்ததும், “பாதி போடுங்க சிஸ்டர், இது போட்டா மண்டை மந்தமாயிடுது, நான் கணக்குப் போடணும்,” என்றார். பாதி போட்டாள். வலி பழைய கடன்காரன் மாதிரி வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் தலையணையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு, சொட்டு போனில் சொல்லும் எண்களைக் கேட்பார். ஒரு எண் சொல்லிவிட்டு அடுத்த எண்ணுக்குள் கண் செருகிவிடும். விழித்ததும், “எங்க விட்டேன்?” என்பார். அவளும் சளைக்காமல் முதலிலிருந்து சொல்வாள். எழுதிய எழுத்து கீழே கீழே சரிந்து பேப்பரை விட்டு வெளியே போனது. நான் நெற்றியைத் துடைத்தபடி, “போதுங்க, முழுசாப் போட்டுக்கலாங்க,” என்று கெஞ்சினேன். வாய் நீளக்காரி நான், கெஞ்சினேன். அவர் தலையை ஆட்டினார்.

“காத்து விட்ட கேன் எப்படி இருக்கு?”

“இன்னும் தெரியலண்ணா. மெதுவாத்தான் வரும்னு நீதானே சொன்னே.”

“எவ்வளவு நாள் ஆகும்?”

“ரெண்டு வாரம் ஆகலாம்.”

அடுத்த முறை நர்ஸ் வந்தபோது அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இழுத்துப் பிடிக்க வேண்டாம் என்று சொன்ன மனிதர் அவர். என் முன்னால் எதற்கும் யாரிடமும் கை நீட்டாதவர்.

“சிஸ்டர், ரெண்டு வாரம் இழுக்க ஏதாவது இருக்கா? ஊசியோ, குளுக்கோஸோ, எதுவா இருந்தாலும் பரவால்ல. ஆஸ்பத்திரிக்கு வரணும்னாலும் வரேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“ஒரு வாரம்?” என்றார். “ஒரு வாரமாவது?”

அவள் நாடி பார்ப்பது போல அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அவர் பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி பார்த்தார். சாக மனமில்லாத ஒருவரின் முகத்தை நான் அன்றைக்குத்தான் முதல் முறை அத்தனை அருகில் பார்த்தேன். அந்த மனத்தை அவருக்குத் திருப்பிக் கொடுத்தவள் நான்தான்.

அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டார். காலையில் தலைப்பக்கத்தை உயர்த்தினேன், கை நீளவில்லை. கடைசி இரண்டு நாளும் சுய நினைவு வந்து வந்து போனது. வந்தபோதெல்லாம் கேனைப் பற்றித்தான் கேட்டார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்து கட்டிலைத் திருப்பி அனுப்பிய பிறகு சொட்டு என்னை ஷெட்டுக்குக் கூப்பிட்டாள். காற்றுக் குமிழி விட்டுக்கொண்டே இருந்த கேன் தண்ணீரைச் சின்ன செட்டில் ஊற்றி ஓட்டியிருந்தாள். செத்தது என்று எடுத்து வைத்த தண்ணீர் பாதிக்கு மேல் திரும்பியிருந்தது. எவ்வளவு வரை ஏற்றலாம் என்பதிலும் அவர் சொன்னதுதான் சரி, அவள் சொன்ன முக்கால் தப்பு. மிச்சக் கணக்கைப் போட அவளுக்குப் பல வருஷம் ஆகும் என்றாள். அவர் இருந்திருந்தால் ஒரு மழைக்காலத்தில் முடித்திருப்பாராம். “அண்ணன் ஜெயிச்சுட்டான் அண்ணி,” என்று சொல்லிவிட்டுத் திரையில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள்.

எனக்கு அழுகை வரவில்லை. அவர் நர்ஸிடம் கேட்டது இரண்டு வாரம். பேரம் பேசி ஒரு வாரத்துக்கு இறங்கி வந்தார். அதைப் போல எத்தனை வாரம் அவரிடம் இருந்தது. வலி அடங்கிய உடம்போடு, கத்தி போன்ற மூளையோடு, ஒரு மழைக்காலம் முழுக்க அந்தக் கட்டிலில் போனைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு சும்மா படுத்திருந்தார். நாங்கள்தான் அவரைப் படுக்க வைத்திருந்தோம்.